ஸ்ட்ராவில் குமிழி விட்ட பெண்

செம்பூர் வங்கிக்காரி:

மும்பை மின்சார ரயிலில் காலை எட்டு மணிக்கு மேல் செம்பூரில் ஏறினால் பெண்கள் பெட்டியில் கால் வைக்க இடம் கிடைப்பதே பெரிது. அந்த நெரிசலில் ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், கதவோரம் சாய்ந்தபடி தண்ணீர் பாட்டிலுக்குள் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி விட்டுக்கொண்டே வருவாள். ஒரு வாய் குடிக்கமாட்டாள். ஊதும்போதே உள்ளே ஒரு முனகல். கீழிருந்து ஏறும், மறுபடி இறங்கும். வடாலா தாண்டும்வரை இதேதான். பொறுக்கமுடியாமல் ஒருநாள், "ஆஸ்துமாவா அம்மா?" என்று கேட்டுவிட்டேன். "இல்லை அக்கா, குரலைப் பதப்படுத்துகிறேன்" என்று சிரித்தாள். தமிழ்ப் பெண் என்பதே அன்றுதான் தெரிந்தது.

போன மாதம் அலுவலகத் தோழி கொடுத்த டிக்கெட்டில் ராயல் ஆபரா ஹவுஸுக்குப் போனேன். மேடையில் அதே பெண், கறுப்பு கவுனில், இத்தாலிய மொழியில் பாடுகிறாள். தண்ணீர் பாட்டில் மட்டும்தான் கையில் இல்லை. இங்கே வேறு யாருக்காவது அவளைத் தெரியுமா?

மாட்டுங்கா மாமா:

தெரியுமாவது! என் மனைவியிடம் எட்டு வருடம் பாட்டுக் கற்றுக்கொண்டவள். ஐந்தரைக் கட்டையில் நல்ல அழுத்தமான சாரீரம். கல்லூரியில் சேர்ந்திசைக் குழுவுக்குப் போனவள் அப்படியே மேற்கத்திய சங்கீதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டாள். எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்.

ஒரு நவராத்திரிக்குக் கொலுப் பார்க்க வந்தபோது அவளுடைய நோட்டைப் புரட்டினேன். இத்தாலியப் பாட்டை முழுக்கத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். 'காரோ மியோ பெ³ன்', அதாவது 'என் அன்பே'. பகரத்தின் தலையில் 3! சகஸ்ரநாமப் புத்தகங்களில் 'b' ஒலிக்குப் போடுகிறார்களே, அதே எண். முதல் வகுப்பில் எண்ணைப் பார்க்காமல் வல்லினமாகவே பாடி, உருகிக் கூப்பிடவேண்டிய காதலி பேனாவாகிவிட்டாளாம். ஆசிரியை பியானோவை மூடிவிட்டுச் சிரித்திருக்கிறார்.

ஆனால் ஒற்று இரட்டிக்கும் இடங்களில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. முத்து, பத்து என்று சொல்லி வளர்ந்த நாக்குக்கு 'நொத்தே'யும் 'துத்தோ'வும் எம்மாத்திரம்? ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்களாம்.

கமகத்தில்தான் கடைசிவரை தகராறு. சுரத்தை நேராக நிறுத்து, அதுவாக அதிர்ந்தால் அதிரட்டும், நீயாக அசைக்காதே என்கிறார்களாம். எட்டு வருடம் அசைக்கச் சொல்லிக்கொடுத்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாஹிம் பியானோ வீடு:

மாமா, அந்த நோட்டை நானும் பார்த்திருக்கிறேன். பிரிட்டன் இசைக் கல்லூரித் தேர்வுக்கான வீடியோவை அவள் எடுத்தது எங்கள் வீட்டில்தான்.

பிரிட்டனின் இசைக் கல்லூரிகளுக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே விண்ணப்பக் கெடு முடிந்துவிடுகிறது. ஆகவே இங்கிருந்து பதிவு செய்து அனுப்புகிறவர்களுக்கு வாய்ப்பது ஆகஸ்டும் செப்டம்பரும். மும்பை மழையில் பியானோ படும் பாடு வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஈரம் குடித்த பலகை உப்பித் தந்திகளை இழுக்கும். நடுக்கட்டைகளின் சுருதி ஏறிவிடும். எங்களுடையது என் மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்த காலத்தில் இரண்டாம் கையாக வாங்கியது. அடிப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு குண்டு பல்பை இரவு பகலாக எரியவிடுவோம். விருந்தாளிகள் அதைப் பூஜை விளக்கு என்று நினைப்பதுண்டு.

சுருதி சேர்க்கும் ட்யூனர் வருவதாகச் சொன்ன நாளில் தண்டவாளத்தில் தண்ணீர். வேறு வழியில்லாமல், சற்றே சுருதி ஏறிய பியானோவோடு பாடினாள். பாடகி பட்ரீஷியா ரொசாரியோவின் படம் ஒன்றைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். 1993இல் மூடிய ஆபரா ஹவுஸ் 2016இல் திரும்பத் திறந்தபோது பாடியவர். இதே மும்பையிலிருந்து லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளிக்குப் படிக்கப் போனவர். அந்தப் படத்தைப் பியானோமேல் சாய்த்து வைத்துவிட்டு ஆரம்பித்தாள். பத்தாவது முறை அருமையாக வந்துகொண்டிருந்தது. உச்ச சுரத்தில் வாயைத் திறக்கிறாள், பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில். பன்னிரண்டாவதைத்தான் அனுப்பினோம்.

இடம் கிடைத்தது. உதவித்தொகை பாதிதான். அதனால் ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், கிறிஸ்துமஸ் பாடல்களும், கல்யாண வரவேற்புகளுமாக ஓடினாள்.

ஒலி பார்க்கும் ஆள்:

அப்படியொரு கல்யாண வரவேற்பில்தான் நான் அவளைப் பார்த்தேன். மைக்கிலிருந்து நான்கடி தள்ளி நின்றாள். கிட்டே வரச் சொல்லிச் சைகை காட்டினேன், தலையாட்டி மறுத்தாள். முதல் உயர்ந்த சுரத்திலேயே என் மீட்டர் சிவப்புக்குப் போய்விட்டது. மைக்கை அணைத்தேன். கடைசி மேஜையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

வெறும் சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். வாத்தியக் குழுவின் ஒலிச்சக்தி 500 ஹெர்ட்ஸ் அருகில் உச்சத்தில் இருந்து, மேலே போகப் போகக் குறைந்துவிடும். ஆபராப் பயிற்சி பெற்றவர்கள் தொண்டையையும் வாயையும் அமைத்துக்கொள்ளும் விதத்தில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் கணிசமான சக்தி சேரும். வாத்தியங்கள் விட்டுவைத்த சந்து அது. நம் காது கூர்மையாகக் கேட்கும் இடமும் அதுதான். சபாக் கச்சேரிகளுக்குப் பதினெட்டு வருடமாக மைக் வைக்கிறேன். என் பிழைப்புக்கு வேலையே இல்லாத பாட்டு ஒன்றை அன்றுதான் கேட்டேன்.

வரவேற்பை நடத்தியவர்கள் பேசிய தொகையில் பாதிதான் அவளுக்குக் கொடுத்தார்கள். மீதி "அடுத்த வாரம்". எனக்கும் அதே அடுத்த வாரம்தான், ஒன்பது மாதமாக.

செம்பூர் வங்கிக்காரி:

ஆஸ்துமா என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்போல் இருக்கிறது. நாளைக்கு எட்டரை வண்டியில் தேடிப் பார்க்கிறேன்.

மாட்டுங்கா மாமா:

தேட வேண்டாம் அம்மா. நேற்று இரவு விமானம் ஏறிவிட்டாள். கட்டணத்தில் மீதிக்கு அவள் அப்பா கடன் போட்டிருக்கிறார். நமஸ்காரம் பண்ண வந்தவளிடம் என் மனைவி பருப்புப்பொடியும் ஆவக்காயும் கொடுத்தாள். பொடியை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஆவக்காய் தொண்டைக்கு ஆகாதாம். அந்தப் பாட்டில் இப்போது என் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.