கழுவெளியைச் சுற்றி வாழும் நாங்கள்

வேளச்சேரியிலிருந்து:

1995-ல் இங்கே மனை வாங்கியபோது சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். மொட்டை மாடியில் நின்றால் பள்ளிக்கரணைப் பக்கம் கோரையும் சம்பும்தான் தெரியும். அந்தச் சதுப்பு நிலத்தைக் கழுவெளி என்போம். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். 2000-ல் டைடல் பார்க் ஐ.டி. வளாகம் வந்தது, 2007-ல் பறக்கும் ரயில். அப்புறம் எங்கள் தெருவில் காலி மனையே இல்லை. 'இவ்வளவு கூட்டம் ஏன் வருகிறது' என்று நானும் அலுத்துக்கொண்டேன், ஏதோ நான் மட்டும் கழுவெளியிலேயே பிறந்தவன் மாதிரி!

2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகோடு தெருவுக்குள் வந்தார்கள். எங்கள் ஜன்னல் கம்பியில்தான் கயிற்றைக் கட்டினார்கள். என் ஸ்கூட்டர் அந்தப் படகுக்கு நேர் கீழே கிடந்தது.

சோழிங்கநல்லூரிலிருந்து:

எங்கள் பகுதி 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. நகரம் 426 சதுர கிலோமீட்டர் ஆனது, சரி. எங்கள் அடுக்ககத்துக்குக் குடிநீர்க் குழாயும் வரவில்லை, பாதாளச் சாக்கடையும் வரவில்லை. வீடு விற்றவர் 'ஆறு மாசத்துல வந்துடும் சார்' என்றார். அவர் போனை எடுப்பதை நிறுத்தியே பல வருஷம் ஆகிறது.

2019 கோடையில் போர் வற்றிவிட்டது. காலையில் தண்ணி லாரி உள்ளே வரும்போது கழிவுநீர் லாரி வெளியே போகும். ஒரே கேட். இரண்டும் எதிரெதிரே நின்று ஹார்ன் அடிக்கும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் டிரைவரிடம் கேட்டேன். தெற்கே ஒரு கிராமத்தின் வயல் கிணறாம். அங்கே நெல் நிறுத்திவிட்டார்களாம், தண்ணீர் விற்பதில்தான் காசு. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் ரயிலில் வந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகம் வந்தது.

கண்ணகி நகரிலிருந்து:

அண்ணன்மார் இரண்டு பேரும் விரும்பி வந்தீர்கள். எங்களைக் கூவம் கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே 15,000-க்கும் மேல் வீடுகள். நாலு பேர் படுத்தால் கதவைத் திறக்க இடம் இருக்காது. அம்மா வேலை பார்த்தது மயிலாப்பூரில். விடியுமுன் பஸ் ஏறுவார், கொஞ்ச நாளில் அந்த வேலையும் போனது. நெரிசல் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நகரத்தில் இடம் வேண்டுமென்றதும் முதலில் நகர்த்தப்பட்டது நாங்கள்தான்.

2019-ல் நான் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) அடுக்ககம் ஒன்றில் பாத்திரம் தேய்த்தேன். ஒரு பக்கெட்டுக்கு மேல் எடுக்காதே என்பார் அந்த வீட்டு அக்கா. தப்பில்லை, அவர்களுக்கும் தட்டுப்பாடு. வேலை முடிந்து கிளம்பும்போது அவரே ஒரு குடம் நிரப்பி வைத்திருப்பார். அதைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால் குடத்துக்கும் ஒரு ஆள் காசு கேட்பார்கள்.