எட்டாயிரம் ரூபாய்க்கு எதை வாங்குவது: இளையோர் நாவலா, பொன்னியின் செல்வனா?

வேலந்தாவளம் டீச்சர்:
கேரள எல்லையில் இருக்கிற எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், இந்த வருஷ கிராண்டிலிருந்து தமிழ்ப் புத்தகத்துக்கு எட்டாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். மலையாளத்துக்கு எவ்வளவு என்று சொன்னால் வயிறு எரியும், அது இப்போது வேண்டாம். பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. பதின்மூன்றிலிருந்து பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கென்று இளையோர் நாவல்களாகப் பார்த்துப் போட்டேன். கமிட்டியில் ஒருவர் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிறுவர் கதை தெரியும், பெரியவர்கள் படிக்கிற நாவல் தெரியும், இதென்ன டீச்சர் நடுவில்?" என்று சிரித்தார். என் ஒன்பதாம் வகுப்பு முழுக்க அந்த நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் ஒரு பிள்ளையின் பையில் ஆங்கில நாவல் ஒன்றைப் பார்த்தேன். பறிக்கவில்லை, கேட்டு வாங்கிப் பார்த்தேன். பாலக்காடு பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய திருட்டுப் பதிப்பு. 97-லிருந்து 112-ஆம் பக்கம் வரை இரண்டு தடவை வைத்துத் தைத்திருக்கிறார்கள், அதற்கு அடுத்த பதினாறு பக்கம் இல்லவே இல்லை. அந்தப் பெண் அதையும் தாண்டிப் படித்து முடித்திருக்கிறாள். விட்டுப்போன இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து ஓரத்தில் பென்சிலால் குட்டி குட்டியாக எழுதி வைத்திருக்கிறாள், அதுவும் தமிழில். அதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பட்டியலில் பிடிவாதமாக இருக்கிறேன். எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது, சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு:
டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் கமிட்டிக்காரர் சொன்னதுதான் சரி. நான் பொன்னியின் செல்வன் படித்தபோது எனக்கு வயது பதினாலு. அம்மாயி வீட்டில் கல்கி இதழிலிருந்து பிரித்தெடுத்துக் காலிகோ பைண்டு போட்டு வைத்திருந்தார்கள், நடுநடுவே அந்தக் காலத்து விளம்பரமும் சேர்ந்தே இருக்கும். தோப்பு மோட்டார் ரூமில் உட்கார்ந்து மடை மாற்ற மறந்து அப்பாவிடம் வாங்கின அடி இன்னும் நினைவிருக்கிறது. 1950-லிருந்து 54 வரை வாராவாரம் வந்த கதை அது. தாத்தாவும் படித்தார், சமையல்கட்டில் அம்மாயியும் படித்தார், நானும் படித்தேன். யாரும் யாரிடமும் வயது கேட்கவில்லை. இந்த இளையோர் நாவல் என்பதெல்லாம் அமெரிக்கப் பதிப்பகங்கள் சட்டைக்கு சைஸ் ஒட்டுகிற மாதிரி ஒட்டியது. அந்த எட்டாயிரத்தில் பொன்னியின் செல்வன் இரண்டு செட் வாங்கிப் போடுங்கள். இப்போது அங்கே இருக்கிற செட்டில் மூன்றாம் பாகத்துக்கு அட்டையே கிடையாது.

ரெண்டாம் ஷிஃப்ட்:
கஞ்சிக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு முப்பத்திநாலு வயது, இந்த வகை நாவல்தான் அதிகம் படிக்கிறேன், கம்பெனி பஸ்ஸில் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. 2012-இல் அமெரிக்காவில் புத்தகச் சந்தையை ஆராயும் பௌக்கர் நிறுவனம் கணக்கெடுத்தபோது இளையோர் புத்தகம் வாங்குகிறவர்களில் 55 சதவீதம் பேர் பதினெட்டு வயதும் அதற்கு மேலும். அதிலும் முப்பதிலிருந்து நாற்பத்திநாலு வயதுக்காரர்கள் வாங்கினது மட்டுமே மொத்த விற்பனையில் 28 சதவீதம். அதனால் நான் தனி ஆள் இல்லை.

தோப்பு ஐயா சொல்கிற சட்டை சைஸ் விஷயத்துக்கு வருகிறேன். பதிப்பகம் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுதினாள். எஸ்.ஈ. ஹின்டன், ஓக்லஹோமாவில் துல்சா என்கிற ஊர். தன் பள்ளியில் பையன்கள் பணக்காரக் கூட்டம், ஏழைக் கூட்டம் என்று பிரிந்து அடித்துக்கொள்வதைப் பார்க்கிறாள், படிக்கக் கிடைக்கிற எதிலும் அது இல்லை, அதனால் தானே எழுதுகிறாள். 1967-இல் 'தி அவுட்சைடர்ஸ்' என்று அந்தப் புத்தகம் வந்தபோது அவளுக்குப் பதினெட்டுதான். பெண் எழுதியது என்று தெரிந்தால் ஆண் விமர்சகர்கள் மதிக்க மாட்டார்கள் என்று பதிப்பகத்தார் சொல்லி முதலெழுத்தை மட்டும் போட வைத்தார்கள். இது வியாபாரத்துக்காகத் தொடங்கிய எழுத்து மாதிரியா தெரிகிறது?

தென்னந்தோப்பு:
தம்பி, நீயே உன் கட்சியைக் கவிழ்த்துவிட்டாய். முப்பத்திநாலு வயதுக்காரன் படிக்கிறான், பாதிக்கு மேல் பெரியவர்களே வாங்குகிறார்கள் என்றால் அதற்கு இளையோர் என்று எதற்குப் பெயர்? இன்னொன்றும் கேட்கிறேன். மலையாளத்தில் பஷீரின் பால்யகாலசகி நாவல் 1944-இல் வந்தது. சின்னஞ்சிறுசுகள் இரண்டு பேரில்தான் ஆரம்பம். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இம்மிணி வல்லிய ஒன்று, அதாவது கொஞ்சம் பெரிய ஒன்று, என்கிற இடம் இந்தப் பக்கம் எல்லாருக்கும் மனப்பாடம். அது எந்த அலமாரியில்?

ரெண்டாம் ஷிஃப்ட்:
பெரியவர்கள் அலமாரியில்தான் ஐயா. வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது. இளையோர் என்று சொல்வது யார் படிக்கிறார்கள் என்பதை வைத்து இல்லை, யார் எங்கே நின்று சொல்கிறார்கள் என்பதை வைத்து. பஷீர் பின்னாலிருந்து திரும்பிப் பார்க்கிறார், மஜீதுக்கும் சுகறாவுக்கும் என்ன ஆகப்போகிறது என்று அவருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், அந்தத் தெரிதல்தான் அந்தக் கதையின் துக்கமே. இளையோர் நாவலில் சொல்கிறவனுக்கும் நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. பதினாறு வயதில் சிநேகிதன் ஒரு வாரம் பேசாவிட்டால் உலகம் முடிந்த மாதிரி இருக்குமே, நாற்பது வயதில் அதையே எழுதினால் "அப்போது எவ்வளவு அறியாமை" என்று ஒரு சிரிப்பு சேர்ந்துவிடும். அந்தச் சிரிப்பு இல்லாமல் எழுதினால் அது இளையோர் நாவல். வந்தியத்தேவன் இளைஞன்தான், ஆனால் அவனுக்குப் பரீட்சை கிடையாது, வீட்டில் அடி கிடையாது, முகத்தில் பரு கிடையாது.

மீனாட்சிபுரம் அம்மா:
நீங்கள் எல்லாரும் அச்சடித்த புத்தகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் பத்தாவது. அவள் படிப்பது போனில். பிரதிலிபி, வாட்பேட் என்று யார் வேண்டுமானாலும் கதை எழுதிப் போடுகிற ஆப்கள். இளம்பிள்ளைகளே எழுதினால் நல்லது என்று ஷிஃப்ட் தம்பி சொல்கிறார், எழுதத்தான் செய்கிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஆன்ட்டி ஹீரோ என்று ஒருத்தன். அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தாலி கட்டுகிறான். கன்னத்தில் அறைகிறான். அடுத்த அத்தியாயத்தில் அவள் அவனுக்குக் காபி போட்டுக்கொண்டு வருகிறாள், கீழே நூற்றுக்கணக்கில் இதயம் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. சரி, அச்சுப் புத்தகம் பரவாயில்லை என்று பார்த்தால் சிநேகிதி கொடுத்தாள் என்று ஒரு ஆங்கில நாவல், புற்றுநோய் வந்த இரண்டு பிள்ளைகள் காதலிக்கிற கதை. டிக்‌ஷனரி வைத்து நானும் படித்தேன், அழுதேன், அது வேறு விஷயம். இந்த வயதில் எதற்குங்க சாவும் துக்கமும்? டீச்சர், வாங்குவதென்றால் சுத்தமான புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள்.

ரெண்டாம் ஷிஃப்ட்:
அக்கா, நம் அம்மாக்கள் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் வைத்துப் படித்த மாத நாவலிலும் அறை விழத்தான் செய்தது, காபியும் வரத்தான் செய்தது.

மீனாட்சிபுரம் அம்மா:
அதனால்தான் பயப்படுகிறேன்.

வேலந்தாவளம் டீச்சர்:
இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். அக்கா, சுத்தம் என்று எதைச் சொல்கிறீர்கள்? எஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் 2020-இல் சிறுவர் இலக்கியத்துக்கு சாகித்திய அகாதெமி கொடுக்கிற பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. பிள்ளைகளிடம் தப்பாகக் கை வைக்கிறவர்களைப் பற்றிய கதை. உங்கள் கணக்கில் அது சுத்தத்தில் சேருமா சேராதா? ஒரு வருஷம் ஏழாம் வகுப்பில் அதை வாசித்துக் காட்டினேன், மணி அடித்தும் ஒரு பிள்ளை மட்டும் எழுந்து போகவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத முடியாது. போனில் வருகிற கதையைத் தடுக்க உங்களாலும் ஆகாது, என்னாலும் ஆகாது. அறை வாங்கினவள் திருப்பிக் கேட்கிற கதை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

நூலகம் சாவி:
எல்லாரும் பேசியாயிற்று, இனி ரெஜிஸ்டர் பேசட்டும். உதயசங்கரின் ஆதனின் பொம்மை, கீழடியை வைத்து எழுதினது, 2023-இல் அதே புரஸ்கார் வாங்கினது, அட்டையிலேயே இளையோர் நாவல் என்று போட்டிருக்கிறது. டீச்சர் கேட்டார்கள் என்றுதான் போன வருஷம் வாங்கினேன். இன்றுவரை ஒரு என்ட்ரிகூடக் கிடையாது. தமிழ் அலமாரி கேரம் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜூன் 19 வாசிப்பு நாளுக்குத் திறந்து தூசி தட்டுவோம், கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் படத்துக்கு மாலை போடுவோம், ஒரு போட்டோ, அப்புறம் பூட்டு. 1945-இல் அவர் கிரந்தசாலா சங்கம் என்கிற நூலகச் சங்கத்தை ஆரம்பித்தபோது நாற்பத்தேழே நாற்பத்தேழு நூலகம்தான், ஊர் ஊராகப் போய் ஆளைச் சேர்த்தார். நான் யாரைப் போய் இழுத்து வருவது? பிள்ளைகளுக்குத் தமிழ் நாவல் வேண்டாம், அதுதான் உண்மை.

தென்னந்தோப்பு:
கேட்டுக்கொள்ளுங்கள் டீச்சர்.

ப்ளஸ் டூ:
சாவி மாமா, அலமாரியைத் திறந்து அந்தப் புத்தகம் அங்கே இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இருக்காது. என் தம்பி கிளாஸில் ஆறு பேர் கை மாறிவிட்டது, இப்போது ஏழாவது ஆளிடம் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் ஒருத்தன் மீசை வேறு வரைந்து வைத்திருக்கிறான். என்ட்ரி எப்படி இருக்கும்? நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குத் திறக்கிறீர்கள். ஆறு மணிக்கு மேல் எங்களை வாசலைத் தாண்டி விட மாட்டார்கள், பெண் பிள்ளைகளைச் சுத்தமாக விட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆடுகிற அண்ணன்களிடம் சாவி இருக்கும். ரெஜிஸ்டர் உங்கள் மேஜைக்குள் பூட்டியிருக்கும்.

டீச்சர், உங்களுக்கும் ஒன்று. அந்தப் புத்தகம் ஏழாவது படிக்கிற தம்பிக்குச் சரி. எனக்கு அது சின்னப் பிள்ளைக் கதை. பதினொன்றுக்கும் பதினேழுக்கும் சேர்த்து இளையோர் என்று ஒரே பெயர் வைத்தால் எப்படி? பத்தாவது முடிந்த லீவில் என் கூட்டுக்காரி ஒருத்தி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், காரணமும் சொல்லவில்லை. அந்த மாதிரி ஒரு கதை தமிழில் கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்ததில் எல்லாம் பிள்ளைகள் பாடப்புத்தகம் மாதிரிப் பேசினார்கள், இல்லாவிட்டால் மெட்ராஸ்காரர்கள் மாதிரிப் பேசினார்கள். வீட்டில் "வாங்கணு" என்றும் ஸ்கூலில் மலையாளம் கலந்து "பரீட்சை கழிஞ்சு" என்றும் ஒரே வாயில் சொல்கிறவர்கள் யாரும் வரவில்லை.

பொன்னியின் செல்வன் முதல் பாகம் படித்தேன் தாத்தா. நந்தினி வருகிற இடம் மட்டும் பிடித்தது.

தென்னந்தோப்பு:
அம்மிணி, ஒரு பாகத்தோடு நிறுத்தினால் நந்தினி யார் என்றே தெரியாதே! சரி, இப்போது என்ன படிக்கிறாய்?

ப்ளஸ் டூ:
ஓ.வி. விஜயனின் மலையாள நாவல், கசாக்கின் இதிகாசம். யூமா வாசுகி தமிழில் பெயர்த்தது. மலையாளம் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அதையே சொல்வார்கள், அந்தக் கதைக்கு மூலமான தஸ்ராக் ஊர் இங்கேதானே இருக்கிறது, ஒரு தடவை ஸ்கூலில் கூட்டிக்கொண்டும் போனார்கள். சாவி மாமாவிடம் கேட்டபோது ப்ளஸ் டூ முடித்துவிட்டு வா என்றார். அதனால் அதுவும் கேரம் அண்ணன் வழிதான்.

மீனாட்சிபுரம் அம்மா:
ஐயோ கண்ணு, அதையா? அந்தக் கதையில் வாத்தியாராக வருகிற ரவி மாஷ் செய்கிற வேலையெல்லாம் வீட்டில் தெரியுமா?

தென்னந்தோப்பு:
இதைத்தானே நான் முதலிலிருந்து கத்துகிறேன். 1969-இல் வந்த பெரியவர்கள் நாவல், எந்த லேபிளும் இல்லை, பதினேழு வயதுப் பெண் தேடிப் பிடித்துப் படிக்கிறாள். வேறு என்ன சாட்சி வேண்டும்?

ப்ளஸ் டூ:
தாத்தா, பாதி புரியவில்லை. அந்த ஓராசிரியர் பள்ளியும், தும்பி பிடிக்கிற அப்புக்கிளியும், பனங்காற்றும் மட்டும் புரிகிறது, அந்தக் காற்று இங்கே எங்கள் மொட்டை மாடியிலும் அடிக்கிறது. ரவி எதற்கு அப்படி ஊர் ஊராக ஓடி ஒளிகிறார் என்று தெரியவில்லை. இருபத்தைந்து வயதில் திரும்பப் படிப்பேனாக இருக்கும். எனக்கு வேண்டியது கிடைக்காததால்தான் இதை எடுத்தேன், அதை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

ரெண்டாம் ஷிஃப்ட்:
தங்கச்சி, நீயே எழுதிவிடேன். துல்சாக்காரி உன் வயதில்தான் எழுதினாள்.

ப்ளஸ் டூ:
மாடல் எக்ஸாம் இருக்குங்கண்ணா.

வேலந்தாவளம் டீச்சர்:
பட்டியலை மாற்றுகிறேன். ஏழு எட்டு வகுப்புக்கு மரப்பாச்சி இரண்டு பிரதி, 2025-இல் புரஸ்கார் வாங்கிய விஷ்ணுபுரம் சரவணனின் ஒற்றைச் சிறகு ஓவியா இரண்டு பிரதி. பதினைந்துக்கு மேல் உள்ளவர்களுக்குத் தமிழில் எனக்குத் தெரிந்தவரை கை விரலுக்குள் அடங்கிவிடும், அதனால் ஆங்கிலத்திலேயே நாலைந்து, பக்கம் விட்டுப்போகாத நல்ல பதிப்பாக. தோப்பு ஐயாவுக்காக பொன்னியின் செல்வன் ஒரு செட். இரண்டு செட் முடியாது. மிச்சப் பணத்துக்கு ஜூலையில் கோவை கொடிசியா புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் கையாலேயே எடுக்கச் சொல்கிறேன், பில் மட்டும் கமிட்டி பெயரில் வர வேண்டும்.

தென்னந்தோப்பு:
வேனுக்கு நான் டீசல் போடுகிறேன். லேபிள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

நூலகம் சாவி:
அலமாரியைத் திறந்து பார்த்தேன். பதினோரு புத்தகம் இல்லை. கேரம் பசங்களைக் கேட்டால் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கிறான். மாசக் கடைசியில் ஆடிட்டுக்கு ஆள் வருவார்கள், அதற்குள் எல்லாம் திரும்ப வந்துவிட வேண்டும், ஃபைன் போட மாட்டேன், யார் என்றும் கேட்க மாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காலையில் பத்து முதல் பன்னிரண்டு வரை நானே வந்து திறக்கிறேன். ப்ளஸ் டூ அம்மிணி, கசாக் முதலில் வர வேண்டும், வேறு ஒருத்தர் கேட்டு வைத்திருக்கிறார்.

ப்ளஸ் டூ:
இன்னும் நாற்பது பக்கம் இருக்குங்க மாமா.