நம் நாட்டில் இந்த எக்ஸ்சேஞ்ச் உண்டா, இல்லையா? உங்கள் அனுபவம் என்ன? (ஒரு கேள்வியும், அதற்குப் பலர் எழுதிய பதில்களும்)

ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் (பிட்காயின் போன்றவற்றை வாங்கி விற்கும் தளம்) நம் நாட்டில் இயங்குகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை மாதிரிதான் தெரியும். தளம் திறக்கிறது, ஆப் இறங்குகிறது, மின்னஞ்சல் கொடுத்தால் கணக்கும் உருவாகிவிடுகிறது. இவ்வளவும் நடந்த பிறகும் ‘உங்கள் நாட்டில் சேவை இல்லை’ என்று சொல்லிவிட முடியும். பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகள் அதைச் சொல்லும் இடம் கே.ஒய்.சி. பக்கம்தான், அதாவது அடையாள ஆவணங்களைச் சரிபார்க்கும் பக்கம்.

நான் வேலைக்காக நாடு மாறியவன். பாஸ்போர்ட் ஒரு நாட்டுடையது, வசிப்பது இன்னொன்றில். பழைய கணக்கில் முகவரியை மாற்றலாம் என்று அமைப்புகளுக்குள் போனால், ‘ஆவணம் வழங்கிய நாடு’, ‘வசிக்கும் நாடு’ என்று இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதல் பட்டியலில் ஏறக்குறைய எல்லா நாடுகளும் இருந்தன. இரண்டாவதில் நான் இப்போது இருக்கும் நாடு இல்லை. எதையும் அழுத்தாமல் வெளியே வந்து, உதவிக்குழுவிடம் எழுதிக் கேட்டேன். வசிக்கும் நாட்டைத்தான் பார்ப்போம், பாஸ்போர்ட் எதுவானாலும் பொருட்டில்லை என்று பதில் வந்தது. முகவரியை மாற்றிய உடனே கணக்கு ‘பணம் எடுக்க மட்டும்’ நிலைக்குப் போய்விடுமாம். சரி, கேட்டது நல்லதாகப் போயிற்று.

பெயர் ஒன்றாக இருந்தாலும் பின்னால் இருக்கும் நிறுவனம் நாட்டுக்கு நாடு வேறு. பைனான்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் 2019-ல் அமெரிக்கர்களுக்கென்று தனித் தளம் தொடங்கியது. அந்தக் கணக்கும் உலகத் தளத்தின் கணக்கும் ஒன்றல்ல. உங்களில் யாராவது இப்படி நாடு மாறியிருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

* * *

நான் கனடாவில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். 2023 மே மாதம் பைனான்ஸ் கனடாவை விட்டு விலகுவதாக அறிவித்தது. ஸ்டேபிள்காயின்கள் (டாலர் போன்ற நாணயத்தோடு விலை கட்டப்பட்ட காயின்கள்) பற்றியும் முதலீட்டாளர் வரம்பு பற்றியும் அங்கே வந்த புதிய வழிகாட்டுதல்களைக் காரணமாகச் சொன்னார்கள். அதுவரை எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கணக்கு. முறையாக அறிவித்து, மூட அவகாசமும் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம். கணக்கு திறக்கும் முன் மட்டுமில்லை, பெரிய தொகை போடும் ஒவ்வொரு முறையும் விதிமுறைகளில் தடைசெய்யப்பட்ட நாடுகள் என்ற பகுதியை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவேன். ‘கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி’ மேலேயே இருக்கும். தேதி மாறியிருந்தால் மட்டும் உள்ளே படிப்பேன். யூடியூப் காணொளிகளையும் ‘இத்தனை நாடுகளில் கிடைக்கும்’ என்று எழுதி வைத்திருக்கும் கட்டுரைகளையும் நான் நம்புவதில்லை. அவற்றில் பாதி, ஆள் சேர்த்தால் கமிஷன் தரும் பரிந்துரை இணைப்புக்காக எழுதப்பட்டவை.

* * *

விபிஎன் (இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் மென்பொருள்) போட்டால் போதும் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் அப்படித்தான் ஒரு தளத்தில் வெகுநாள் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். சிறிய தொகைக்கு அடையாள ஆவணமே கேட்காத காலம் அது. பிறகு எல்லாருக்கும் கே.ஒய்.சி. கட்டாயம் என்று ஆனது. இவரிடம் இருந்ததோ தடைப்பட்ட நாட்டின் அடையாள அட்டை. பணம் உள்ளே, ஆள் வெளியே. பல மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு ஒருவழியாகக் கிடைத்தது, ஆனால் அதற்குள் விலை எங்கேயோ போய்விட்டது.

எந்த நாட்டிலிருந்து இணைகிறோம் என்று காட்டும் ஐபி முகவரியை மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் விட்டுவிடுவதில்லை. தொலைபேசி எண், வங்கிக் கணக்கில் உள்ள பெயர், முகவரிச் சான்று எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். பார்க்காமல் விட்டால் அவர்களுக்கே ஆபத்து. 2023 நவம்பரில் பைனான்ஸ் அமெரிக்க அரசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 400 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சம்மதித்தது. அமெரிக்க வாடிக்கையாளர்களை உலகத் தளத்தில் வைத்திருந்ததும் அந்த வழக்கில் ஒரு பகுதி. கூகாயின் என்ற எக்ஸ்சேஞ்சும் 2025 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ 30 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது. இப்படி அடிபட்டவர்கள் இனி கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

* * *

இந்தியாவில் இருப்பவர்களுக்கு 2024 ஜனவரி மறந்திருக்காது. அதற்கு முந்தைய டிசம்பர் 28 அன்று மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவு ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பைனான்ஸ், கூகாயின், கிராக்கன், பிட்ஃபினெக்ஸ் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு வாரத்தில் ஆப் ஸ்டோரிலிருந்து ஆப்கள் மறைந்தன, தளங்களும் முடக்கப்பட்டன. என் போனில் ஏற்கெனவே இருந்த ஆப் ஒரு நெட்வொர்க்கில் திறந்தது, இன்னொன்றில் சுற்றிக்கொண்டே நின்றது. திறந்த நேரத்தில் காயின்களை என் கையில் இருக்கும் சொந்த வாலட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இது திடீரென்று வந்த இடி என்று பலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2023 மார்ச்சிலேயே கிரிப்டோ சேவை கொடுப்பவர்களைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இந்தியர்களுக்குச் சேவை கொடுத்தால், அலுவலகம் எங்கே இருந்தாலும் நிதி உளவுப் பிரிவில் பதிய வேண்டும். பதிந்தாயிற்றா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்த டிசம்பருக்கு முன்பே நிலவரம் தெரிந்திருக்கும். பின்னாளில் கூகாயின் 34.5 லட்சம் ரூபாய் அபராதம் கட்டியது, பைனான்ஸுக்கு 18.82 கோடி. இரண்டும் பதிவு செய்துகொண்டு திரும்பி வந்தன. பைபிட் 2025 ஜனவரியில் சேவையை நிறுத்தி, 9.27 கோடி அபராதத்துக்குப் பிறகு மறுபடி திறந்தது. ஆக, ‘இல்லை’ என்பதும் நிரந்தரமில்லை. போன வருடம் படித்த பதிலை இந்த வருடம் நம்பக் கூடாது.

* * *

உரிமம் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன். ஒரு தளத்தின் அடிப்பகுதியில் ‘அமெரிக்க அரசிடம் உரிமம் பெற்றது’ என்று எண்ணோடு போட்டிருந்தார்கள். எண்ணைத் தேடினால் உண்மையிலேயே வருகிறது. ஆனால் அது அமெரிக்க நிதித்துறையின் ஃபின்சென் அமைப்பில் பணச்சேவை நிறுவனமாகச் செய்த பதிவு. படிவம் நிரப்பினால் பட்டியலில் பெயர் வந்துவிடும். இந்தப் பட்டியலில் இருப்பதால் நாங்கள் பரிந்துரைக்கிறோம் என்று பொருளில்லை என்று ஃபின்சென்னே அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. உங்கள் நாட்டில் சேவை உண்டா என்ற கேள்விக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை.

அதனால் எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும் இணைப்பைச் சொடுக்காமல், கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்துக்கு நாமாகப் போய்த் தேட வேண்டும். பிரிட்டனில் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்சிஏ பதிவேட்டோடு எச்சரிக்கைப் பட்டியலும் வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் மத்திய வங்கியான மாஸ் அமைப்பின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது. மலேசியாவில் பத்திர ஆணையம் பதிவு பெற்றவர்களின் பெயர்களை வெளியிடுகிறது. தேடும்போது பிராண்டு பெயரைவிட, விதிமுறைகளின் முதல் பத்தியில் இருக்கும் நிறுவனப் பெயரைப் போடுங்கள். போலித் தளங்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

* * *

கணக்கு உண்டு, ஆனால் பாதிக் கடை மூடியிருக்கும் நிலையும் இருக்கிறது. பிரிட்டனில் சாதாரண வாடிக்கையாளர்களுக்குக் கிரிப்டோ ஃபியூச்சர்ஸ் (பின்னாளைய விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்) விற்பதை 2021 ஜனவரியிலேயே தடை செய்தார்கள். ஐரோப்பாவில் மைக்கா என்ற கிரிப்டோ சட்டத்தால் 2025 மார்ச் முடிவில் பைனான்ஸ், யுஎஸ்டிடி என்ற டாலர் ஸ்டேபிள்காயினில் வாங்கி விற்கும் ஜோடிகளை நிறுத்தியது. அமெரிக்காவில் மாநிலம் வரைக்கும் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் பிட்லைசன்ஸ் என்ற கிரிப்டோ உரிம விதிகள் ஒத்துவராது என்று கிராக்கன் 2015-லேயே அந்த மாநிலத்தை விட்டுப் போனது.

* * *

எல்லாம் சரியாக இருந்து வங்கி மறுத்தால்? 2022 ஏப்ரலில் காயின்பேஸ் இந்தியாவில் யுபிஐ வசதியோடு தொடங்கியது. எந்த எக்ஸ்சேஞ்சும் யுபிஐ பயன்படுத்துவது தங்களுக்குத் தெரியாது என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அறிக்கை விட, சில நாளிலேயே அந்த வழி அடைபட்டது. ஆப் இருந்தது, கணக்கு இருந்தது, ரூபாய் போடத்தான் வழி இல்லை. இலங்கையிலோ கிரிப்டோ வாங்க கிரெடிட், டெபிட் கார்டுகளைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று மத்திய வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது.

சரி, பி2பி (தனி ஆட்கள் ஒருவருக்கொருவர் நேரடியாகப் பணம் அனுப்பி வாங்கி விற்பது) இருக்கிறதே என்பார்கள். முகம் தெரியாதவர் அனுப்பும் பணம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. அது மோசடிப் பணமாக இருந்தால் முடங்குவது நம் வங்கிக் கணக்கு. என் உறவினர் ஒருவருக்கு இது நடந்தது. அதுவும் சம்பளம் வரும் கணக்கு. பி2பி மட்டும்தான் வழி என்றால் அந்த எக்ஸ்சேஞ்ச் என் நாட்டில் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

* * *

முதலில் கேட்டவன்தான். உதவிக்குழுவுக்கு மறுபடி எழுதியிருக்கிறேன், இந்த முறை நீங்கள் சொன்னவற்றையும் சேர்த்து: நான் வசிக்கும் நாட்டுக்குச் சேவை தரும் நிறுவனத்தின் முழுப்பெயர் என்ன, உள்ளூர் நாணயத்தில் போடவும் எடுக்கவும் முடியுமா, சேவை நின்றால் எத்தனை நாள் அவகாசம். இங்கே பதிவு பெற்ற வேறொரு எக்ஸ்சேஞ்சுக்கும் இதையே அனுப்பினேன். இரண்டாமவர்களிடமிருந்து பெயரும் பதிவு எண்ணும் வந்துவிட்டன, பதிவேட்டில் ஒத்துப்போகிறது. அவகாசம் பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.