புதுப்பிப்பு: கலிபோர்னியாவில் தங்கக் காசுக்கு விற்பனை வரி

கலிபோர்னியாவில் தங்கம், வெள்ளிக் காசு வாங்கினால் விற்பனை வரி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். விவரம் கிடைத்துவிட்டது. ஒரே பில்லில் மொத்தம் 2,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் வரி இல்லை. 2022 முடியும்வரை இந்த வரம்பு 1,500 ஆக இருந்தது. அப்படியென்றால் மாதாமாதம் நாலைந்து வெள்ளிக் காசு சேர்ப்பவருக்குத்தான் அடி. மொத்தமாக வாங்க வசதியுள்ளவருக்குச் சலுகை. நல்ல நியாயம்! நகைக்கு இந்த விலக்கு கிடையாது.

வெளிமாநில இணையக் கடையில் வாங்கித் தப்பலாமா என்று சிலர் கேட்டீர்கள். வெளிமாநிலக் கடையையும் ஒரு மாநிலம் வரி பிடிக்கச் சொல்லலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன வேஃபேர் தீர்ப்புக்குப் பிறகு பெரிய கடைகள் பொருள் போய்ச் சேரும் மாநிலத்தின் வரியைத்தான் பிடிக்கின்றன. அப்புறம், நியூ ஜெர்சி நண்பருக்கு: அங்கும் 2025 ஜனவரி முதல் 1,000 டாலர் வரம்போடு விலக்கு வந்துவிட்டது.