லாஸ் ஏஞ்சல்ஸ்: கார் இல்லாமல் சுற்ற முடியுமா?

வெயில்விரும்பி:
மே கடைசியில் நானும் மனைவியும் லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறோம். டிஸ்னிலேண்ட், யூனிவர்சல் எதுவும் வேண்டாம். பேட்டை பேட்டையாகச் சுற்ற வேண்டும், கிடைத்ததைச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வாடகைக் கார் எடுக்காமல் மெட்ரோவை நம்பிப் போகலாமா? அங்கே நடப்பவனைப் பார்த்தால் வண்டி ரிப்பேரோ என்று கேட்பார்கள் என்கிறார் மைத்துனர்.

ஆரஞ்சுகவுண்டிக்காரன்:
மைத்துனர் விவரமானவர். ஊரின் பரப்பு சுமார் 1,300 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சியைப் போல மூன்று மடங்கு. இதில் சாண்டா மோனிகாவும் பெவர்லி ஹில்ஸும் சேர்த்தி இல்லை, அவை தனி நகரங்கள். டவுன்டவுனில் ரயில் ஏறினால் கடற்கரை போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலிபு மலையில் இருக்கும் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு பஸ்ஸில் போக நினைத்தால் பெருமாளே இறங்கி வந்தால்தான் உண்டு. பேசாமல் கார் எடுங்கள்.

நடைராஜா:
அண்ணே, அவர் கேட்டது பேட்டைகளை. நீங்கள் சொல்வது ஊர் முழுக்க ஒரே மூச்சில் பார்த்துவிடத் துடிப்பவருக்கான யோசனை.

வெயில்விரும்பி, யூனியன் ஸ்டேஷனில் தொடங்குங்கள். 1939இல் திறந்த கட்டடம், அந்தக் காத்திருப்புக் கூடத்துக்காகவே போகலாம். எதிரே ஒல்வேரா தெரு, பழைய மெக்சிகன் கடைத்தெரு. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் லிட்டில் டோக்கியோ. அப்புறம் பிராட்வே தெருவில் பிராட்பரி கட்டடம், 1893. வெளியே சாதாரணச் செங்கல், உள்ளே போனால் கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் ஐந்து மாடியும் இறங்கி வருகிறது, இரும்புக் கூண்டு லிஃப்ட் வேறு. ரோட்டைத் தாண்டினால் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட், 1917 முதல் நடக்கிறது. அதன் பின்பக்கம் ஏஞ்சல்ஸ் ஃப்ளைட், பழனி விஞ்சின் குட்டித் தம்பி. இவ்வளவும் ஒரே மதியத்தில் நடந்தே முடியும். காரில் போனால் ஒவ்வொரு இடத்திலும் பார்க்கிங் தேடி, காசையும் அழுதுவிட்டு வர வேண்டும். மெட்ரோவில் 1.75 டாலர் கொடுத்தால் இரண்டு மணி நேரம் வண்டி மாறி மாறிப் போகலாம். அதற்கான டேப் (TAP) என்ற பயண அட்டையை வாங்கிவிடுங்கள்.

ஆரஞ்சுகவுண்டிக்காரன்:
லிட்டில் டோக்கியோவுக்குத் தெற்கே சில தெருக்கள் தள்ளினால் ஸ்கிட் ரோ, நடைபாதை முழுக்க வீடற்றவர்களின் கூடாரங்கள். அதை ஏன் தம்பி சொல்லவில்லை? புதிதாக வருபவர் இருட்டிய பிறகு வழி தவறி அங்கே நிற்க வேண்டுமா?

இன்னொன்று வெயில். ஊரின் அடையாளம் பனைமரம், அது நிழல் தராது. பல பஸ் நிறுத்தங்களில் கூரைகூடக் கிடையாது. பணக்காரப் பேட்டைகளில் மரங்கள் அடர்ந்திருக்கும். தெற்குப் பக்கம் போகப் போக வெறும் கான்கிரீட்தான். இது கார்க்காரர்களுக்காகக் கட்டிய ஊர், அதை ஒப்புக்கொள்வதில் என்ன கஷ்டம்?

நடைராஜா:
ஸ்கிட் ரோ பற்றிய எச்சரிக்கை நியாயம், இரவில் அந்தப் பக்கம் வேண்டாம். ஆனால் மே கடைசியில் வெயில் பயமா? அந்தச் சீசனில் கடலோரம் காலையெல்லாம் மேகமூட்டம். ஜகரண்டா மரங்கள் தெருவெங்கும் ஊதாப் பூவாக நிற்கிற சமயமும் அதுதான். நடக்க அதைவிட நல்ல மாதம் கிடையாது.

"கார்க்காரர்களுக்காகக் கட்டிய ஊர்" என்பது பாதிக் கதை. சில்வர் லேக், எக்கோ பார்க் பக்கம் வீடுகளுக்கு நடுவே பொதுப் படிக்கட்டுகள் இருக்கின்றன. மலைமேல் குடியிருந்தவர்கள் டிராமைப் பிடிக்க இறங்கி வந்த வழி அது. பசிபிக் எலக்ட்ரிக் என்ற ரயில் கம்பெனியின் சிவப்பு வண்டிகள் 1961 வரை லாங் பீச்சுக்கு ஓடின. 1990இல் புது ரயில் விட்டபோது பெரும்பாலும் அதே தடத்தில்தான் விட்டார்கள். இப்போது அதற்கு ஏ லைன் என்று பெயர், அதிலேயே வாட்ஸ் டவர்ஸ் வருகிறது. சைமன் ரோடியா என்ற தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியாளாக, இரும்பு, சிமென்ட், உடைந்த ஓடு, பாட்டில் சில்லு வைத்து எழுப்பிய கோபுரங்கள். காரில் வருகிற எத்தனை சுற்றுலாப் பயணிகள் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள்?

குடக்கூலி:
பாயில் ஹைட்ஸில் வாடகைக்கு இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். "பேட்டை சுற்றல்" என்று கேமராவுடன் வருபவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். யூதர்கள், ஜப்பானியர்கள், மெக்சிகோக்காரர்கள் கலந்து வாழ்ந்த இடம். 1942இல் ஜப்பானியர்களை முகாம்களுக்கு அனுப்பினார்கள், பிறகு ஃப்ரீவே என்ற விரைவுச் சாலைகள் பேட்டையை அறுத்துக்கொண்டு போயின. இப்போது வாடகை. மரியாச்சி பிளாசாவில் உடுப்போடு காத்திருக்கும் மரியாச்சிகளை, அதாவது மெக்சிகன் பாட்டுக்காரர்களை, எல்லோரும் படம் எடுக்கிறார்கள். 2017இல் பக்கத்துக் கட்டடத்தில் வாடகையை ஏற்றியபோது அங்கே குடியிருந்த மரியாச்சிகளும் சேர்ந்து வாடகை கொடுக்காமல் போராடினார்கள், அது யாருக்காவது தெரியுமா?

ஆரஞ்சுகவுண்டிக்காரன்:
பார்த்தீர்களா! உள்ளூர்க்காரர்களே வராதே என்கிறார்கள்.

குடக்கூலி:
நான் அப்படிச் சொல்லவே இல்லை, சார். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்துப் போவதைவிட நடந்து வருபவர் எவ்வளவோ மேல். வரட்டும், உள்ளூர்க் கடையில் சாப்பிடட்டும். பாட்டுக் கேட்க ஆசை என்றால் காசு கொடுத்துக் கேட்கட்டும், அது அவர்கள் தொழில். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள், அவ்வளவுதான்.

நடைராஜா:
இதில் எனக்குச் சண்டையே இல்லை. மெட்ரோ ரயிலின் இ லைனில் ஏறினால் பிளாசாவிலேயே இறங்கலாம், வெயில்விரும்பி.

வெயில்விரும்பி:
எல்லோருக்கும் நன்றி. தங்குவது லிட்டில் டோக்கியோ பக்கம், சுற்றுவது ரயிலில். ஆனால் கோயிலை விட்டுக்கொடுக்க மனைவி தயாராக இல்லை, அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் கார்.

ஆரஞ்சுகவுண்டிக்காரன்:
ஆக, கார் வேண்டியிருக்கிறதுதானே! சரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீவேயில் ஏறிவிடாதீர்கள். செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டு, மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

நடைராஜா:
நடப்பதற்குக் கிழமை பார்க்க வேண்டியதில்லை அண்ணே.