புதுப்பிப்பு: வீட்டில் செய்யும் சிஎன்சி ரௌட்டர், வட்டம் சரியாக வந்துவிட்டது

என் சிஎன்சி ரௌட்டரில் (கணினிக் கட்டளைப்படி பலகையை வெட்டும் மெஷின்) வட்டம் வெட்டினால் நான்கு இடங்களில் தட்டையாக வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

முதலில் ஸ்டெப் கணக்கைப் பார்த்தேன். மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மோட்டாரை ஓட்டும் டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப் (ஒவ்வொரு ஸ்டெப்பும் 16 துண்டாக), லீட் ஸ்க்ரூ (அச்சை நகர்த்தும் திருகுத் தண்டு) ஒரு சுற்றுக்கு நகர்த்துவது 8 மி.மீ. ஆக, ஒரு மி.மீட்டருக்கு 400 மைக்ரோஸ்டெப். மெஷினை இயக்கும் மென்பொருளான ஜிஆர்பிஎல்லிலும் அதேதான் இருந்தது. சரி, கோளாறு கணக்கில் இல்லை.

அப்புறம் எக்ஸ் அச்சில் டயல் கேஜை (சின்ன நகர்வையும் முள்ளால் காட்டும் அளவுக்கருவி) வைத்து முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். திசை திரும்பியதும் ஸ்க்ரூ சுற்றுகிறது, கேஜின் முள் அசையவே இல்லை! நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே ஆட்டம். ஒய் அச்சிலும் அப்படியே. வட்டத்தில் ஏதாவது ஓர் அச்சு திசை மாறுவது சரியாக அந்த நான்கு இடங்களில்தான்.

ஜிஆர்பிஎல்லில் இதை ஈடுகட்ட வசதி கிடையாது. அதனால் இரண்டு அச்சிலும் இந்த ஆட்டத்தை எடுத்துவிடும், ஸ்பிரிங் வைத்த ஆன்டி-பேக்லாஷ் நட்டு மாட்டினேன். இப்போது எம்டிஎஃப்பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டிய வட்டத்தை வெர்னியரால் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. அவ்வளவு சந்தோஷம்! (எம்டிஎஃப் தூள் ரொம்ப நுண்ணியது, மாஸ்க் இல்லாமல் வெட்டாதீர்கள்.)

அடுத்து, அடிப்பலகையை இதே ரௌட்டரால் சீவிச் சமன் செய்யப் போகிறேன்.