ஆக்ரனில் இலவச டியூஷன் நடத்துகிறோம், கம்யூனிட்டி ஃபவுண்டேஷனில் கிராண்ட் கேட்பது எப்படி?

சோலன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஒஹையோவில் கிளீவ்லேண்ட் பக்கம் சோலனில் இருக்கும் சில குடும்பங்கள் சேர்ந்து, சனிக்கிழமைகளில் ஆக்ரன் நார்த் ஹில்லில் ஒரு இலவச டியூஷன் நடத்துகிறோம். பூட்டானில் இருந்து அகதிகளாக வந்த, நேபாளி பேசும் குடும்பத்துப் பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். கணக்கு, ஆங்கில வாசிப்பு, பெரிய பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் எழுத உதவி. 501 சி 3 என்ற வரிவிலக்குள்ள தொண்டு நிறுவன அந்தஸ்து வாங்கியாகிவிட்டது. வருடச் செலவு 30,000 டாலருக்குள், அதில் முக்கால்வாசி எங்கள் கைக்காசும் தீபாவளி விருந்தில் சேர்வதும்தான். இப்போது பிள்ளைகள் கூடிவிட்டார்கள், ஒருவரைப் பகுதிநேரச் சம்பளத்துக்கு வைக்காமல் ஓட்ட முடியாது போலிருக்கிறது. "கிளீவ்லேண்ட் ஃபவுண்டேஷனிடம் ஏறக்குறைய 3 பில்லியன் டாலர் இருக்கிறது, நமக்கு 20,000 தர மாட்டார்களா" என்கிறார் போர்டில் ஒருவர். அவர்கள் எப்படிப் பணம் தருகிறார்கள், யாருக்குத் தருகிறார்கள், சம்பளத்துக்குக் கேட்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்காற்று:

முதலில் கதவு எதுவென்று பார்த்துவிடுங்கள். கிளீவ்லேண்ட் ஃபவுண்டேஷன் குயஹோகா, லேக், ஜியாகா என்ற 3 கவுண்டிகளுக்கானது (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). நீங்கள் சோலனில் இருப்பதால் குயஹோகாக்காரர், சரி, ஆனால் பிள்ளைகள் இருப்பது சம்மிட் கவுண்டியில். அவர்கள் பார்ப்பது சேவை எங்கே நடக்கிறது என்பதை, போர்டு உறுப்பினர் வீடு எங்கே என்பதை அல்ல. ஆகவே நீங்கள் தட்ட வேண்டியது ஆக்ரன் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன், 1955-லிருந்து இருக்கிறது.

அப்புறம் அந்த 3 பில்லியன். இது பலருக்கும் புரிவதில்லை, எங்கள் போர்டுக்கே பாதி நாள் நான் இதைத்தான் விளக்கிக்கொண்டிருப்பேன். கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்பது ஒரே உண்டியல் இல்லை, நூற்றுக்கணக்கான நிதிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒருவர் "என் பணம் இன்ன நூலகத்துக்கு மட்டும்" என்று எழுதி வைத்திருப்பார். இன்னொருவர் "குழந்தைகள் கல்விக்கு" என்று பொதுவாகச் சொல்லியிருப்பார். மூன்றாமவர் உயிரோடு இருந்துகொண்டு வருடா வருடம் யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்வார், அதுதான் டோனர் அட்வைஸ்டு ஃபண்ட். கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் ஃபவுண்டேஷனே முடிவுசெய்யும் பணமும் உண்டு. நீங்கள் விண்ணப்பம் போட்டால் இந்தக் கடைசி வகையும் கல்விக்கென்று பொதுவாக ஒதுக்கியதும்தான் உங்கள் பக்கம் திரும்பும். அதிலும் மூலதனத்தைத் தொட மாட்டார்கள். 10 லட்சம் டாலர் எண்டோமெண்ட் (நிரந்தர நிதி) என்றால் வருடத்துக்குச் செலவாவது சுமார் 40,000 முதல் 50,000 வரைதான்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது நூறுக்கு மேல். 1914-ல் ஃபிரெடெரிக் காஃப் என்ற வங்கித் தலைவர் கிளீவ்லேண்டில் தொடங்கியது, உலகத்திலேயே முதல் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன். அந்தக் காலத்தில் பணக்காரர்கள் உயிலில் ஒரு தர்மத்தை எழுதிவிட்டுப் போவார்கள், காலம் மாறி அந்தத் தேவையே இல்லாமல் போனாலும் பணம் அங்கேயே மாட்டிக்கொண்டு கிடக்கும். செயிண்ட் லூயிஸ் மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி, மேற்கே குடியேறப் போகும் வழியில் ஊருக்கு வரும் ஏழைப் பயணிகளுக்கு உதவ என்று சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்து 1851-ல் இறந்தார். ரயில் வந்த பிறகு வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் எங்கே? காஃப் யோசனை என்னவென்றால், ஊர்க்காரர்கள் கொண்ட ஒரு குழு இருக்கட்டும், பழைய நோக்கம் செத்துப்போனால் அந்தக் குழு பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு மாற்றட்டும். அந்த அதிகாரம் இன்றைக்கும் இவற்றின் அடிப்படை விதிகளில் இருக்கிறது.

நடைமுறைக்கு வருகிறேன். விண்ணப்பம் எழுத உட்காருவதற்கு முன்னால், ஃபவுண்டேஷனில் விண்ணப்பங்களைக் கவனிக்கும் புரோகிராம் ஆஃபீசருக்கு ஒரு மெயில் போட்டுப் பதினைந்து நிமிடம் பேச நேரம் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள், அதுதான் அவர்கள் வேலையே. "இது எங்களுக்குப் பொருந்தாது" என்று அவரே சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு மாத உழைப்பு மிச்சம். சம்பளம் கேட்கலாம், ஆனால் "ஒரு ஆள் வேண்டும்" என்று கேட்காமல், டியூஷன் திட்டத்தின் செலவுக்குள் அந்த ஆளின் மணி நேரத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. உங்கள் வரவு வருடத்துக்கு 50,000 டாலரைத் தாண்டாததால் ஐஆர்எஸ் என்ற வரித்துறைக்கு 990-என் என்ற மின் அஞ்சலட்டை மட்டும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் கணக்கு விவரம் எதுவும் இருக்காது. ஆகவே வரவுசெலவு, சொத்துக் கணக்கு, போர்டு ஒப்புக்கொண்ட பட்ஜெட் எல்லாம் தனியாகக் கேட்பார்கள். அந்த அட்டையைத் தொடர்ந்து 3 வருடம் போட மறந்தால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும், அதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

கணக்குப்பிள்ளை:

ஏரிக்காற்று சொன்னதெல்லாம் சரி, ஆனால் கொஞ்சம் அழகாகச் சொல்லிவிட்டார். அந்த டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் இருக்கிறதே, பணம் போட்ட வருடமே வரிச்சலுகை வாங்கிக்கொள்ளலாம், பணம் வெளியே போக மட்டும் சட்டத்தில் கெடு கிடையாது. தனியார் ஃபவுண்டேஷன் என்றால் வருடத்துக்கு 5 சதவீதமாவது கொடுத்தாக வேண்டும், இதற்கு அதுகூட இல்லை. ஒரு நிர்வாகக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் உட்கார வைக்கலாம். எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை, நன்றாகக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஆண்டறிக்கையில் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள்.

சோலனில் இருக்கும் டாக்டர்களிலும் ஐடிக்காரர்களிலும் எத்தனை பேர் ஃபிடெலிட்டி, ஷ்வாப் போன்ற முதலீட்டு நிறுவனங்களில் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பம், அறிக்கை எதுவும் இல்லாமல் செக் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பணத்தில் தீபாவளி விருந்து டிக்கெட் வாங்கக் கூடாது. கொடுப்பவருக்குப் பதிலுக்குச் சாப்பாடு கிடைத்தால் அது சட்டப்படி தப்பு, வரியோடு பிரச்சினை வரும். நன்கொடை தனி, பிரியாணி தனி.

வடக்குவாசல்:

நான் வேறொரு மாநிலத்தில் ஒரு ஃபவுண்டேஷனின் கிராண்ட் குழுவில் தன்னார்வலராக உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதல் பக்கத்தில் அமெரிக்கா முழுக்க எத்தனை குழந்தைகள் வாசிப்பில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று எழுதுவார்கள். எங்களுக்குத் தூக்கம் வரும். நார்த் ஹில்லில் எந்தப் பள்ளிப் பிள்ளைகள், செப்டம்பரில் வந்தபோது என்ன வாசித்தார்கள், மே மாதம் என்ன வாசித்தார்கள், அதை எழுதுங்கள். பட்ஜெட்டில் ஃபவுண்டேஷன் பணத்தைத் தவிர வேறு எங்கிருந்து வருகிறது என்றும் காட்டுங்கள், ஏனென்றால் "இவர்கள் கேட்டதில் பாதி கொடுத்தால் என்ன ஆகும், அடுத்த வருடம் நாம் கொடுக்காவிட்டால் அந்த ஆளின் வேலை என்ன ஆகும்" என்று குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். போர்டில் எல்லோரும் சொந்தப் பணம் கொடுக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். தொகை முக்கியமில்லை, எல்லோரும் என்பதுதான் முக்கியம்.

நான் அந்தக் குழுவில் இருந்தால் கேட்கும் முதல் கேள்வி இன்னொன்று. சொல்வதற்கு மன்னிக்கவும். உங்கள் போர்டில் நேபாளிக் குடும்பத்தில் இருந்து யாராவது இருக்கிறார்களா? இல்லை என்றால், வசதியான ஊரில் இருந்து சனிக்கிழமை கார் ஓட்டிக்கொண்டு வந்து உதவிவிட்டுப் போகிறவர்கள் என்றுதான் உங்களைப் பற்றி அந்த அறையில் பேசுவார்கள். உங்கள் மனசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

சோலன்வாசி:

கவுண்டி விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை, நன்றி. ஆக்ரனில் நேரம் கேட்டு மெயில் போட்டுவிட்டேன்.

வடக்குவாசல் கேட்டது சுருக்கென்று தைத்தது, உண்மைதான். போர்டு முழுக்க நாங்கள்தான், எல்லோரும் சோலன், ஒருவர் மட்டும் ட்வின்ஸ்பர்க். ஆனால் வகுப்பை உண்மையில் ஓட்டுவது ஒரு பிள்ளையின் அம்மா. யார் வரவில்லை என்று பார்த்து வீட்டுக்குப் போன் போடுவது, புதிதாக வருகிறவர்களுக்கு நேபாளியில் விளக்குவது எல்லாம் அவர்தான், இதுவரை சம்பளம் இல்லாமல். அவரையே அந்தப் பகுதிநேர வேலைக்கு எடுத்து, போர்டிலும் சேர்த்துவிட்டால் இரண்டும் தீர்ந்துவிடுமே?

ஏரிக்காற்று:

அவரை வேலைக்கு எடுங்கள், விண்ணப்பத்தில் உங்கள் பலமே அவராகத்தான் இருப்பார். ஆனால் சம்பளம் வாங்குகிறவருக்கே அந்தச் சம்பளத்தை முடிவுசெய்யும் போர்டில் ஓட்டு இருந்தால் குழு முகம் சுளிக்கும். போர்டுக்கு வேறு ஒரு பெற்றோர், அல்லது டியூஷனில் படித்துக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளில் 18 வயது தாண்டிய ஒருவர், முடிந்தால் இரண்டு பேர். ஒரே ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் வாயே திறக்க மாட்டார். நலமுரண் பற்றி ஒரு பக்கத்துக்கு விதி எழுதி போர்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள், அதையும் கேட்பார்கள். புரோகிராம் ஆஃபீசரிடம் பேசும்போது அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பாதி நேரம் அவர் பேசட்டும்.